ஒரு மீட்டரும் இரண்டு காம்பராவும்

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பிவிட்டு நின்றுவிடும். அங்கிருந்து தகரம்வரை வெறும் இடைவெளிதான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அந்த இடைவெளி வழியாகத்தான் எங்கள் வீட்டு வயர் பக்கத்து வீட்டுக்குப் போனது.

போனதற்குக் காரணம் ஒரு சாவு. பக்கத்துக் காம்பராக்காரியின் புருஷன் தேயிலை மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லை. சவப்பெட்டியை இருட்டிலா வைக்க முடியும்? என் வீட்டுக்காரர்தான் ஏணி போட்டு ஏறி, எங்கள் பிளக்கிலிருந்து வயரை இழுத்துச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் விட்டு, ஒரு பல்பையும் மாட்டிக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஏணி ஏறுகிற அளவு மூச்சு இருந்தது.

சாவு வீட்டுக்குக் கொடுத்ததைக் கொடுத்தவர்கள் வாய்விட்டுத் திருப்பிக் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. நாற்காலியோ அண்டாவோ பாயோ, அவர்களாகவே கொண்டுவந்து வைக்க வேண்டும். நாமே போய்க் கேட்டால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்பார்கள். மாதா கோயிலில் மாதப் பூசை முடிந்ததும் நாற்காலிகள் வந்தன. அண்டா வந்தது. வயர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது ஒன்று. வழக்கமே இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்க வாய் வந்திருக்காது என்பது இன்னொன்று. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் கால் நடுங்கி நின்றவள் நான். வயதானதில் முழங்கால் வலிதான் புதிதாக வந்தது, அந்தப் பயம் போகவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. தனியாகக் கரண்ட் எடுக்க வேண்டுமென்றால் அந்தக் காம்பரா இவளுக்குத்தான் என்று தோட்டத்து ஆபிசிலிருந்து கடிதம் வேண்டும். புருஷன் போனபிறகு அவள் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்வதை விட்டுவிட்டாள். விடியுமுன்னே லொறி ஏறி, தோட்டத்துக்கு வெளியே நாட்டுப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறாள். தோட்டத்தில் பேர் இல்லாதவளுக்குக் கடிதம் எதற்கு என்று ஆபிசில் கேட்டார்களாம். அவளுடைய ஒரே மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மகளின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். அந்த வயரை நான் எப்படிப் பிடுங்குவது?

முதலில் ஒரு பல்பும் போனும்தான். பிறகு மகள் லீவில் வந்தபோது டீவி வந்தது. அடுத்த லீவில் ரைஸ் குக்கர். அயனும் கேத்தலும் எப்போது வந்தன என்று எனக்கே தெரியாது. அவளுடைய புருஷன் கோயில் திருவிழாக்களில் பாட்டுப் போட வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து அதில் மாதா பாட்டுப் போடுவாள். லயமே கேட்கும். மாதா மாதம் பில்லுக்கென்று என் கையில் ஏதோ வைப்பாள். கரண்ட் மலிவாக இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது.

அப்புறம் நாட்டில் எல்லாம் தலைகீழாகப் போன வருஷத்திலிருந்து பில் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனது. கொஞ்சமாகக் கரண்ட் எரிக்கிற வீட்டுக்கு யூனிட் ஒரு விலை, கூட எரித்தால் எல்லாவற்றுக்குமே வேறு விலை என்று சொன்னார்கள். இரண்டு காம்பரா எரிப்பது ஒரே மீட்டரில் விழுந்தால் அது எப்படிக் கொஞ்சமாக இருக்கும்? தனித்தனி மீட்டர் இருந்தால் நாங்கள் இரண்டு வீடும் ஏழை வீடு. சேர்த்துப் பார்த்தால் வசதியான ஒரு வீடு.

இதற்குள் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு முழுக்க இளைப்பாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற இடத்தில் நின்றவர். காலையும் மாலையும் மருந்து ஊற்றி, மாஸ்க்கை மூக்கில் வைத்து, கரண்டில் ஓடுகிற மெஷினில் மருந்துப் புகை பிடிக்க வேண்டும். கோயில் மூலமாகத்தான் அந்தச் சின்ன மெஷின் கிடைத்தது. திடீரென்று இழுத்தால் உடனே பிடிக்க வேண்டும். எங்கள் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, த்ரீவீல் பிடித்துப் பசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என்னவும் ஆகலாம். ஆகவே பில் கட்டாததால் கரண்ட் வெட்டப்படும் என்று சிவப்பு நோட்டீஸ் வந்தபோது, இருட்டில் இருப்போமே என்று நான் பயப்படவில்லை. அவர் மூச்சுக்குத்தான் பயந்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் ஒரு அறிவிப்பு வாசித்தார். வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கரண்ட் பில்லில் ஒரு பகுதியை உதவியாகக் கழிக்கப் போகிறார்களாம். விண்ணப்பம் கொடுத்தவர்களின் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். விண்ணப்பத்தை ஃபாதரே நிரப்பித் தந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

வந்து பார்ப்பார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு அந்த வயர் நினைப்புத்தான். ஒரு வீட்டுக் கரண்ட்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது குற்றம், கண்டால் இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் செய்துவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். நிஜமோ பொய்யோ, போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் நானில்லை.

ஆள் வருவதாகச் சொன்ன அன்று பக்கத்துக் காம்பராக்காரி லொறிக்குப் போகவில்லை. காலையில் என் கதவைக் காலால் தட்டினாள்.

"அத்தே, தொறங்க. கை வலிக்குது."

திறந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்த மாதிரி டீவியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள இது?"

"இன்னைக்கு வீட்டப் பாக்க அந்த மிஸ் வராங்கல்ல? கரண்டு இல்லாத வீட்டுல டீவி இருந்தா என்னான்னு கேக்க மாட்டாங்களா? ஒங்க வீட்டுல மீட்டர் இருக்கு. இங்க இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிடிபடக்கூடாது என்ற ஒரே நினைப்பில் இருந்தேன். எதற்காக அந்த மிஸ் வருகிறார் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "கொண்டாந்து வையி தாயி. நா கிரிக்கெட்டு பாக்குறேன்."

"மாமாவுக்கு மூச்சுதான் கொறையுது. ஆசைக்கு ஒரு கொறையுமில்ல" என்றாள் அவள்.

டீவிக்குப் பிறகு குக்கர் வந்தது, கேத்தல் வந்தது, அயன் வந்தது. கடைசியில் ஸ்பீக்கர் பொக்ஸை வாசற்படியில் உருட்டிக்கொண்டே வந்தாள்.

"இத எங்க புள்ள வைக்கிறது? எங்களுக்கே கால் நீட்ட எடமில்ல."

"மாமா தலமாட்டுல வைங்க. மேல ஒரு சீலையப் போட்டா மேச மாதிரி இருக்கும்."

அப்படியே வைத்தோம். அதற்கு இடம் வேண்டி, மெஷினைச் சுவர் ஓரமாகத் தள்ளினோம். பிறகு அவள் தன் பக்கம் ஏறி, வயரைச் சுருட்டி எங்கள் பக்கம் போட்டாள். நான் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். நல்ல வேலை செய்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

வந்த மிஸ் பதுளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. நன்றாகத் தமிழ் பேசினார். ஏற்றம் ஏறி வந்த களைப்பில் இஸ்தோப்பு வராந்தாவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வந்தார். கையில் போன்தான். அதில்தான் எல்லாவற்றையும் பதிந்தார்.

"எத்தன பேரும்மா இருக்கீங்க?"

"நாங்க ரெண்டு பேருங்க."

"மாசம் என்ன வருது?"

என் வீட்டுக்காரருக்கு வருகிற, வயதுபோனவர்களுக்கான உதவிப் பணத்தைச் சொன்னேன். மிஸ் தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்து காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"டீவி ஒண்டு" என்று போனில் தட்டினார். "ரைஸ் குக்கர். கேத்தல். அயன்." சீலையின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினார். "இது என்னம்மா, பொக்ஸா?"

வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரியை நான் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

"எல்லாம் உங்கடதா?" என்று கேட்டார் மிஸ்.

என்ன சொல்வது? இல்லை என்று சொன்னால் யாருடையது என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரியுடையது என்றால், கரண்ட் இல்லாத வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார். கட்டிலுக்கு அடியில் சுருட்டின வயர் என் காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு யூனிட் போகுதுண்டு பாத்தேன். இப்ப விளங்குது." மிஸ் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "நல்லா அனுபவிங்க அம்மா. புள்ளைகள் வாங்கித் தந்ததா?"

அதற்கும் தலையாட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பொக்ஸுக்குப் பின்னால் இருந்த மெஷின் மிஸ்ஸின் கண்ணில் படவில்லை. அதைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவுமில்லை. என் வீட்டுக்காரர் இருமாமல் இருக்கவேண்டுமென்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார், பாவம். நோயாளி இருப்பது தெரிந்தால் இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று அவருக்கும் பயம்.

மிஸ் இறங்கிப் போனதும் அவள் என் வாசற்படியில் குந்திக்கொண்டாள். "அத்தே, நா பாழாக்கிட்டேன். என்னச் செருப்பால அடிங்க."

"இப்பவாவது அந்த டீவியப் போடு தாயி" என்றார் அவர். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வயரும் சாமான்களும் பழையபடி அந்தப் பக்கம் போயின. உதவி கிடைப்பவர்களின் பட்டியல் வந்தபோது எங்கள் பேர் இல்லை. எங்களைவிட வசதியானவர்கள் பேர் இருந்தது என்று அவள் வந்து சத்தம் போட்டாள். நம் வீட்டைப் பார்த்தவர்களும் வேறு எங்கேயோ அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கரண்டை வெட்ட வருவதற்குள் அவள் அந்தப் பொக்ஸைப் பசறையில் விற்று வந்து நிலுவையைக் கட்டினாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் சத்தமே இல்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்று ஃபாதர் சொன்னார். அரசாங்க ஆபிசுக்கு நேரில் போய்ப் பேச வேண்டுமாம். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். "மொதல்ல மாமா நோவச் சொல்லுங்க. அப்புறம் அழுங்க." நமுனுகுல மலையை மூடிக்கொண்டு மழை வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அங்கே இருந்ததும் அதே மிஸ்தான். என்னை அடையாளம் தெரிந்தது. "அந்தப் பொக்ஸ் வீட்டு அம்மாதானே?" என்றார். பக்கத்தில் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் சேர்த்து வைத்த எல்லாம் எனக்குப் போய்விட்டது.

"மாமாவுக்கு இளைப்பு மிஸ். மெஷின்லதான் மூச்சு விடுறாரு" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லல்ல? நான் மெஷின் ஒண்டும் காணல்லயே."

"அது சின்னதுங்க" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

மிஸ் போனில் எங்கள் பதிவைத் தேடினார். உண்மையை எல்லாம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. வயர் எப்படிப் போனது, ஏன் திரும்ப வரவில்லை, எது யாருடையது என்று. சொன்னால் இந்த மிஸ் கேட்டுக்கொள்வார் என்றும் தோன்றியது. ஆனால் கேட்டதை அவரால் கேட்காத மாதிரி இருக்க முடியுமா? அவர் அரசாங்க ஆள். என் பக்கத்தில் நின்றவளோ, என் வீட்டுக்காரருக்கு இழுக்கும்போதெல்லாம் ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடிக்கிறவள். லயத்துப் படியில் அவரைத் தன் முதுகில் சுமந்து ரோட்டுக்கு இறக்கினவள். நான் குனிந்துகொண்டேன்.

"ஒண்டு செய்யலாம் அம்மா" என்றார் மிஸ். "மூணு மாசத்துப் பில் தொடர்ந்து கொறஞ்ச யூனிட்டுக்குள்ள இருந்தா, திரும்பப் பாக்கலாம். ஒரு மாசம் கூடினாலும் திரும்ப மொதல்ல இருந்துதான். டீவிய எல்லாம் கொஞ்சம் கொறைங்க."

திரும்பி வரும்போது அவள் உற்சாகமாக இருந்தாள். "மூணு மாசந்தானே அத்தே? நா வெறகுல ஆக்கிக்கிறேன். டீவியத் துணி போட்டு மூடிடுவேன்."

சொன்னபடி செய்தாள். குக்கர், கேத்தல், அயன் எல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில் போயின. காலையில் விளக்கைக்கூடப் போடாமல், அடுப்பு வெளிச்சத்திலேயே சோறு கட்டிக்கொண்டு லொறிக்கு ஓடினாள். போனுக்கு மட்டும் சார்ஜ். நானும் எங்கள் பல்பை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, வெளியே இருக்கிற வெளிச்சம் தீரும்வரை அதிலேயே வேலையை முடித்துக்கொள்வேன். மீட்டர் இஸ்தோப்புச் சுவரில் இருந்தது. கதவு திறந்திருந்தால் அவருடைய கட்டிலுக்கு நேரே தெரியும். பழைய மீட்டர். கண்ணாடிக்குள்ளே ஒரு தட்டு சுற்றும், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து வந்து போகும். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் பேசினார்கள். நான் குப்பை கூட்டும்போதும் அதைப் பார்த்தேன், அரிசி கழுவும்போதும் அதைப் பார்த்தேன். தேயிலைக் காட்டுக்கு வேலைக்குப் போன காலத்தில் கங்காணி பின்னால் நிற்கிற மாதிரி.

முதல் மாதம் குறைந்த யூனிட்டுக்குள் வந்தது. இரண்டாவதும் வந்தது. அவள் சீனி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாவது மாதம் அவர் காலையில் மாஸ்க்கை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். "இன்னைக்கு லேசா இருக்கு. சாயங்காலம் பாப்போம்." சாயங்காலம், "இப்பவும் லேசாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். தேறின உடம்போடு பில்லும் குறைகிறதே என்று நினைத்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஒருநாள் மழை விட்ட நேரம் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. துருத்தியில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மாஸ்க் மடியில் கிடந்தது. மருந்து ஊற்றி எல்லாம் தயாராகத்தான் வைத்திருக்கிறார். பிளக்கைப் போடவில்லை. திறந்த கதவு வழியாக மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கையைத் தடுத்தார்.

"இந்த மாசம்... முடியட்டும்டி."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"யாரக் கேட்டுய்யா நிறுத்தினீங்க?" என்று கத்தினேன். "யாரக் கேட்டு? நீங்க போயிட்டா எனக்கு எதுக்குய்யா அவங்க குடுக்குற கழிவு? யாருக்கு வெளிச்சம் போட்டுப் பாக்க? எடுங்க கைய!"

லயம் முழுக்க இஸ்தோப்புக்கு வந்துவிட்டது. இந்தக் குரல் யாருடையது என்று பார்க்கத்தான் வந்திருப்பார்கள். அவள் அப்போதுதான் லொறியில் இருந்து இறங்கி வந்திருந்தாள். காலில் சேறோடு பாய்ந்து உள்ளே வந்து பிளக்கைப் போட்டாள். நான் மாஸ்க்கை வைத்தேன். அவள் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க மாமா. நல்லா இழுங்க. யூனிட்டுக்குக் காசு நா குடுக்குறேன், நீங்க இழுங்க."

ஒரு தடவை பிடித்தது போதவில்லை. மறுபடி மருந்து ஊற்றினோம். அன்றிலிருந்து பல நாள் நேரம் காலம் பார்க்காமல் மெஷின் ஓடியது. அவர் இடையில் வேண்டாமென்று கையைக் காட்டினால் நான் முறைத்தேன். முறைக்கவும் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. விறகு ஈரமாகிப் போனதால் அவளும் குக்கரை எடுத்துவிட்டாள். நான்தான் எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கஞ்சி உடனே வேண்டியிருந்தது.

மீட்டர் பார்க்கிற ஆள் வந்தபோது அவள் வீட்டில்தான் இருந்தாள். "பாத்து எழுதுங்கண்ணே. எத்தன?"

அவர் சொன்னார். கொஞ்சம்தான் கூட. கூட என்றால் கூடத்தான்.

"ஒரு கை கொறச்சுப் போடக் கூடாதா? நோயாளி வீடு."

"நா என்னம்மா செய்றது? அது காட்டுறதத்தான் எழுதுறேன்." துண்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார்.

திரும்ப முதல் மாதத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். அவள் மறுபடி விறகுக்குப் போய்விட்டாள். பொக்ஸ் போனது, அடுத்து டீவியை விற்கப் போகிறேன் என்கிறாள். மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறாள். விற்றாலும் மீட்டர் ஒன்றுதான், காம்பரா இரண்டுதான். தோட்டத்து ஆபிசுக்குப் போய் அவளுக்காக ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நான் பல தடவை வெளிக்கிட்டுச் சேலைகூட மாற்றியிருக்கிறேன். ஆபிஸ் படிவரை போய்த் திரும்பியிருக்கிறேன். கத்தினது அந்த ஒருநாள்தான்.

காலையும் மாலையும் மெஷினை மட்டும் விடுவதில்லை. அவருடைய கட்டிலை இரண்டு பேருமாக இழுத்துத் திருப்பிப் போட்டோம். இப்போது அவருக்குத் தெரிவது மாதா படம் மாட்டின சுவர். கதவு பின்னால் இருக்கிறது, மீட்டர் தெரியாது. மாஸ்க்குக்குள்ளிருந்து, "இப்ப எப்பிடிச் சுத்துது?" என்று என்னைக் கேட்பார்.

"மெதுவாத்தான் சுத்துது. நீங்க இழுங்க" என்று சொல்வேன், அதையே பார்த்துக்கொண்டு.